பூண்டுக்கும் நெல்லுக்கும் ஒரே அடைமொழி

அரிசி, பூண்டு, கொத்தமல்லி, வெள்ளரி, முள்ளங்கி, பட்டாணி, கருஞ்சீரகம், குங்குமப்பூ. எட்டும் ஒரே அடுக்களையில் இருக்கக்கூடிய பொருள்கள்தான். செடிகளாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டுறவு கிடையாது. நெல் புல் குடும்பம். பூண்டு வெங்காயத்தின் பங்காளி. வெள்ளரி பூசணிக் கொடியின் சொந்தம். பட்டாணி பயறு வகை. ஆனால் தாவரவியல் நூலைத் திறந்து இவற்றின் அறிவியல் பெயர்களைப் பார்த்தால் எட்டிலும் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். ஒரைசா சதீவா, அல்லியம் சதீவம், கொரியாண்ட்ரம் சதீவம், குக்குமிஸ் சதீவஸ், ரஃபானஸ் சதீவஸ், பீசம் சதீவம், நிகெல்லா சதீவா, குரோக்கஸ் சதீவஸ்.

பள்ளிப் பாடநூல்கள் இதைச் ‘சட்டைவா’ என்று எழுதும். அது ஆங்கிலேயரின் நாக்கு வழியாக வந்த உச்சரிப்பு. இலத்தீனில் முதல் அசை குறில், இரண்டாம் அசை நெடில், அழுத்தமும் அந்த இரண்டாம் அசையில்தான்: ச-தீ-வா. சொல்லின் பொருள் எளியது. விதைக்கப்பட்ட, பயிரிடப்பட்ட என்பதே அது.

இவ்வளவு எளிய சொல்லுக்கு ஏன் ஒரு கட்டுரை என்று கேட்கலாம். செடிகளின் இலத்தீன் அடைமொழிகள் பெரும்பாலும் செடியைப் பற்றியே பேசும். வெள்ளை, கறுப்பு, முள் உள்ளது, மணம் உள்ளது, இந்தியாவில் வளர்வது என்று அதன் உடம்பையோ ஊரையோ சொல்லும். சதீவா அப்படிப்பட்டதன்று. அது செடிக்கு மனிதர் செய்த வேலையைச் சொல்லும் அடைமொழி. உழவின் வரலாற்றில் ஒரு பெரிய பகுதி இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. அதைப் பிரித்துப் படிக்க இரண்டு திறவுகோல்கள் வேண்டும். ஒன்று சொற்பிறப்பு, மற்றொன்று இலக்கணம்.

உழவரின் வினைச்சொல்

‘செரோ’ என்றால் இலத்தீனில் ‘நான் விதைக்கிறேன்’. அகராதியில் இந்த வினையின் முக்கிய வடிவங்களைச் செரோ, செரெரெ, சேவி, சதம் என்று வரிசையாகக் கொடுப்பார்கள். விதைக்கிறேன், விதைக்க, விதைத்தேன் என்பவை முதல் மூன்று. நான்காவதிலிருந்து ‘சதஸ்’ என்ற எச்ச வடிவம் கிடைக்கிறது: விதைக்கப்பட்ட. அதன் மேல் ‘ஈவஸ்’ என்ற விகுதி ஏறினால் சதீவஸ். இதே விகுதி ‘பிடிக்கப்பட்ட’ என்ற காப்தஸ் மேல் ஏறிக் காப்தீவஸ், அதாவது கைதி, ஆயிற்று. ‘பிறந்த’ என்ற நாதஸ் மேல் ஏறி நாதீவஸ் ஆயிற்று. ‘நேட்டிவ்’ என்று இன்று நாம் சொல்வது அந்த நாதீவஸின் பேரப்பிள்ளை.

செரோவும் சதஸும் ஒரே வினையின் வடிவங்கள் என்பது பார்த்தவுடன் புலப்படாது. ஒன்றில் ‘ர’, மற்றொன்றில் ‘த’. பழைய இலத்தீனில் இரண்டு உயிர்களுக்கு நடுவே அகப்பட்ட ‘ஸ’ ஒலி ‘ர’ ஆகத் திரிந்துவிட்டது. பூவைக் குறிக்கும் ‘ஃப்ளோஸ்’ வேற்றுமை ஏற்கும்போது ‘ஃப்ளோரிஸ்’ ஆவது இதனால்தான். செரோவின் நடுவே நிற்கும் ரகரமும் ஒரு காலத்தில் ஸகரமாக இருந்ததே. வேரின் முதல் ஒலியை இரட்டித்துக் கட்டிய வினை அது. திரிபைக் கழித்துவிட்டால் எஞ்சும் வேர், இந்தோ-ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் விதையைக் குறிக்கும் வேர். ஆங்கிலத்தின் ‘சீட்’, ஜெர்மனின் ‘சாட்’, இலத்தீனிலேயே விதையைக் குறிக்கும் ‘செமென்’ எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் தமிழ் வரைக்கும் வந்திருக்கிறார்கள். செமென் என்பதிலிருந்து ‘செமினாரியம்’ வந்தது, பொருள் நாற்றங்கால். மாணவர்களை நாற்றுகளாக எண்ணி அந்தப் பெயரைக் கல்விக்கூடத்துக்கு வைத்தார்கள். கல்லூரிகளில் நடக்கும் ‘செமினார்’ அதுதான். விதைப்பைக் குறிக்கும் ‘சதியோ’ பழைய பிரெஞ்சில் ‘செசோன்’ ஆகி, விதைக்கும் காலம் என்பதிலிருந்து பொதுவாகப் பருவம் என்று பொருள் விரிந்து, ஆங்கிலத்தில் ‘சீசன்’ ஆயிற்று. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது என்று சொல்பவர் தம்மை அறியாமலே ஒரு ரோமானிய உழவனின் சொல்லைச் சொல்கிறார்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இலத்தீனில் இன்னொரு ‘செரோ’ உண்டு. அதற்குக் கோத்தல், தொடுத்தல் என்று பொருள். நிகழ்காலத்தில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. இறந்தகாலத்தில்தான் வேறுபடும்: விதைப்பது சேவி, சதம், கோப்பது செருவி, செர்தம். இந்த இரண்டாவது செரோவிலிருந்துதான் ‘சீரீஸ்’, அதிலிருந்து தொலைக்காட்சி ‘சீரியல்’. அதற்கும் விதைப்புக்கும் தொடர்பில்லை.

ரோமானியர் சத்தூர்னஸ் என்ற தெய்வத்தை வணங்கினர். சனிக் கோளுக்கு மேல்நாட்டார் இட்ட பெயர் அவருடையது. விதைப்பைக் குறிக்கும் ‘சதஸ்’ என்பதிலிருந்தே அவர் பெயர் வந்ததாகக் கி.மு. முதல் நூற்றாண்டு மொழியறிஞர் வர்ரோ எழுதினார். இன்றைய மொழியியலாளர் பலர் அந்த விளக்கத்தை ஏற்பதில்லை. ஆனாலும் ரோமானியரின் காதில் அந்தத் தெய்வத்தின் பெயர் விதைப்பை நினைவூட்டியது என்பது உண்மை.

காடும் கழனியும்

இந்த அடைமொழி எந்த எதிர்ச்சொல்லோடு நின்றது என்று பார்த்தால்தான் அதன் முழுப் பொருள் துலங்கும். கி.பி. 77இல் மூத்த பிளினி ‘நாத்துராலிஸ் ஹிஸ்தோரியா’ என்ற 37 பகுதி கொண்ட பெருநூலைப் பேரரசர் வெஸ்பாசியனின் மகன் தித்தஸுக்குக் காணிக்கையாக்கினார். இரண்டே ஆண்டில் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனார். செடிகளைப் பற்றிய பகுதிகளில் அவர் ஒரே பெயர் கொண்ட தாவரங்களை இரண்டாகப் பிரிக்க வேண்டிய இடங்களில், ஒன்றைச் ‘சதீவா’ என்பார், மற்றதைச் ‘சில்வெஸ்திரிஸ்’ என்பார். சில்வா என்றால் காடு. தோட்டத்தது ஒன்று, காட்டது ஒன்று. நாம் துளசி, காட்டுத்துளசி என்றும் மல்லி, காட்டுமல்லி என்றும் சொல்வதுபோல. ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் காட்டுச் செடிக்கு மட்டும் அடை வரும். வீட்டுச் செடி வெறும் பெயரோடு நிற்கும். ரோமானியர் இரண்டுக்கும் அடை வைத்தார்கள்.

ஒரு செடி எந்தப் பக்கம் நிற்கிறது என்பது எப்போதும் நிலையாக இருந்ததில்லை. ஓட்ஸை எடுத்துக்கொள்ளலாம். பிளினியின் கண்ணில் அது தானியத்துக்கு வரும் கேடுகளில் முதலாவது. வயலில் பார்லி சீர்கெட்டு ஓட்ஸாகிவிடுகிறது என்று அவர் எழுதினார். அதே இடத்தில், ஜெர்மானிய மக்கள் ஓட்ஸை விதைக்கிறார்கள், அதன் கூழையே உண்டு வாழ்கிறார்கள் என்றும் சேர்த்தார். அங்கே அவர் எழுதிய வினை செரெரெயின் வடிவம்தான். ரோமில் களை, வடக்கே பயிர். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தத் தானியத்துக்கு ‘அவேனா சதீவா’ என்று பெயரிட்டபோது, அதன் காட்டு உறவுக்கு ‘அவேனா ஃபாதுவா’ என்று பெயர் வைத்தார்கள். ஃபாதுவா என்றால் அறிவற்ற, உப்புச்சப்பற்ற என்று பொருள். இருபதாம் நூற்றாண்டில் ரஷ்ய அறிஞர் நிக்கொலாய் வவிலோவ், ஓட்ஸ் உண்மையிலேயே கோதுமை வயல்களில் களையாக நுழைந்து, குளிர் மிகுந்த வடக்கில் கோதுமை நொடித்த இடங்களில் தானே பயிராக உயர்ந்த செடி என்று விளக்கினார். பிளினியின் விளக்கம் தவறு. ஆனால் அவர் பார்த்த காட்சி சரி.

மூன்று பால், மூன்று ஈறு

இனி இலக்கணம். சதீவா, சதீவஸ், சதீவம் என்று ஒரே சொல் ஏன் மூன்று கோலத்தில் வருகிறது?

தமிழில் ‘நல்ல’ என்ற பெயரடை எந்தப் பெயருக்கு முன்னாலும் மாறாது. நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம். அதையே பெயராக்கினால் பால் காட்டும்: நல்லவன், நல்லவள், நல்லது. இலத்தீன் பெயரடைகள் எப்போதுமே அந்த இரண்டாவது வகையைப்போல நடந்துகொள்ளும். எந்தப் பெயரோடு சேர்கின்றனவோ அதன் பால், எண், வேற்றுமை மூன்றோடும் ஒத்துப்போக வேண்டும். ஆண்பால் பெயரென்றால் சதீவஸ். பெண்பால் என்றால் சதீவா. இரண்டும் அல்லாத நடுப்பால் என்றால் சதீவம். நடுப்பாலின் ஈற்றை ரோமானியர் ‘உம்’ என்று ஒலித்தார்கள். இன்றைய வழக்கில் அம் ஆகிவிட்டது.

தமிழருக்கு இதில் ஒரு தடுமாற்றம் வரும். நமக்குச் செடிகொடி எல்லாம் அஃறிணை. உயிர், அறிவு, பொருள் ஆகியவற்றைக் கொண்டு திணையும் பாலும் பிரித்த மொழி நம்முடையது. இலத்தீனில் பால் என்பது சொல்லின் சொத்து. அல்லியம் என்ற பூண்டு நடுப்பால், ஒரைசா என்ற நெல் பெண்பால், குரோக்கஸ் என்ற குங்குமப்பூ ஆண்பால். இதற்குச் செடியைப் பார்த்துக் காரணம் கேட்க முடியாது. சொல்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் ஈறு காட்டிக்கொடுக்கும். அஸ் என்று முடிந்தால் ஆண்பால், ஆ என்று முடிந்தால் பெண்பால், அம் என்று முடிந்தால் நடுப்பால். பெயரும் அடையும் ஒரே ஈற்றில் முடிவதால் ‘நிகெல்லா சதீவா’, ‘கொரியாண்ட்ரம் சதீவம்’ என்று எதுகைபோல ஒலிக்கும்.

எப்போதும் அப்படி ஒலிக்காது என்பதுதான் இலக்கணத்தின் சுவை. புளியமரம் ‘தாமரிண்டஸ் இண்டிகா’. பெயர் அஸ் என்று முடிகிறது. அடை இண்டிகஸ் ஆகவில்லையே? அரசமரம் ‘ஃபைகஸ் ரெலிஜியோசா’. அங்கேயும் அதே கதை. ரோமானியர் வழக்கில் மரத்தைக் குறிக்கும் பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். அத்தி இனத்தைக் குறிக்கும் ஃபைகஸும் அப்படியே. ஈறு எப்படி இருந்தாலும் அடை பெண்பால் வடிவத்தில்தான் வரும். பின்னாளில் வந்த தாமரிண்டஸுக்கும் தாவரவியலார் அதே மரியாதையைக் கொடுத்தார்கள். பட்டுப்புழுவுக்கு இலை தரும் முசுக்கொட்டை ‘மோரஸ் ஆல்பா’. சந்தனமோ ‘சாண்டலம் ஆல்பம்’. இரண்டிலும் அடை ஒன்றுதான், ‘வெள்ளை’. மோரஸ் பெண்பால், சாண்டலம் நடுப்பால், அவ்வளவே வேறுபாடு. மிளகு ‘பைப்பர் நைக்ரம்’ என்று வருவதற்குக் காரணம் பைப்பர் நடுப்பால் என்பது.

எல்லா அடைகளும் மூன்று வடிவம் எடுப்பதுமில்லை. மருந்துக்கூடத்தில் இருப்பது என்ற பொருள்கொண்ட ‘ஒஃபிசினாலிஸ்’ ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒரே வடிவம், நடுப்பாலில் ‘ஒஃபிசினாலெ’. இஞ்சியின் பெயர் ‘சிஞ்சிபர் ஒஃபிசினாலெ’ என்று முடிவது அதனால்தான்.

கேரட்டின் பெயரில் இந்த விதி முழுவதும் ஒரே வரியில் தெரியும். தோட்டத்துக் கேரட் ‘டாக்கஸ் கரோட்டா’ சிற்றினத்தின் ‘சதீவஸ்’ துணையினம். டாக்கஸ் ஆண்பால். நடுவே கரோட்டா என்று ஆகார ஈறு நிற்கிறது, கடைசியில் மீண்டும் சதீவஸ். கரோட்டா பெயரடையே அல்ல. கேரட்டைக் குறிக்கும் பெயர்ச்சொல். பெயர்ச்சொல் இன்னொரு பெயரின் பக்கத்தில் நின்றால் தன் வடிவத்தை விட்டுக்கொடுக்காது. வெங்காயம் ‘அல்லியம் சேப்பா’ என்று நிற்பதும் அப்படித்தான். சதீவஸ் பெயரடை என்பதால், நடுவில் நிற்கும் கரோட்டாவைத் தாண்டிப் போய் டாக்கஸோடு ஒத்துப்போகிறது.

வேற்றுமையும் உண்டு. தாவரவியல் பெயர்கள் எழுவாய் வடிவத்திலேயே நிற்பதால் வேற்றுமை உருபுகள் அவற்றில் கண்ணில் படுவதில்லை. மருந்து நூல்களில் படும். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட மூலிகை நூலின் முதல் தொகுதியில் பூண்டைப் பற்றிய கட்டுரையின் தலைப்பு ‘புல்பஸ் அல்லியை சதீவை’. அல்லியம் சதீவத்தின் குமிழ் என்று பொருள். ‘உடைய’ என்ற பொருள் வந்தவுடன் பெயர் மட்டும் மாறிப் போதவில்லை, அடையும் கூடவே மாற வேண்டியிருக்கிறது.

ஸ்டாக்ஹோமில், 1753

பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பிய மூலிகை நூல்களில் சதீவா என்ற சொல் பரவலாகவே புழங்கியது. ஆனால் அன்று ஒரு செடியின் பெயர் என்பது ஒரு வரி நீள வருணனை. நூலுக்கு நூல் மாறும். சுவீடன் நாட்டுக் கார்ல் லின்னேயஸ் 1753இல் ஸ்டாக்ஹோமில் ‘ஸ்பீசியஸ் பிளாந்தாரம்’ என்ற இரண்டு தொகுதிகளை வெளியிட்டார். ஏறத்தாழ 5,900 சிற்றினங்கள். ஒவ்வொன்றுக்கும் நீள வருணனையோடு, பக்க ஓரத்தில் ஒற்றைச் சொல்லையும் சேர்த்து அச்சிட்டார். பேரினப் பெயரும் அந்த ஒற்றைச் சொல்லும் சேர்ந்ததே இருசொற் பெயர். அந்த ஆண்டின் மே 1ஆம் தேதியைத்தான் தாவரப் பெயரீட்டு விதிகள் இன்றும் தொடக்க நாளாகக் கொள்கின்றன.

மேலே சொன்ன எட்டுச் செடிகளும் அந்த நூலிலேயே இந்த அடைமொழியைப் பெற்றவை. குதிரை மசால் என்று நம் உழவர் சொல்லும் தீவனப் பயிரான ‘மெடிக்காகோ சதீவா’, சாலட் கீரையான ‘லக்டூக்கா சதீவா’, கேசரிப் பருப்பான ‘லாத்திரஸ் சதீவஸ்’ எல்லாமும் அங்கே உண்டு. லின்னேயஸ் உழவர் வீட்டுச் சொல்லைப் புதிதாக உருவாக்கவில்லை. வழக்கில் இருந்ததை எடுத்துத் தம் ஏட்டில் நிலைநிறுத்தினார்.

அவர் வழி வந்த விதிகளில் இரண்டு இந்த அடைமொழியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன. முதலாவது: பெயரடையாக இருக்கும் சிற்றினப் பெயர், பேரினப் பெயரின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். பெயரிட்டவரே தவறான ஈற்றில் எழுதியிருந்தாலும் பின்னால் வருபவர் திருத்திக்கொள்ள வேண்டும். இரண்டாவது: ஒரு பேரினத்துக்குள் ஓர் அடைமொழியை ஒரு சிற்றினத்துக்குத்தான் தரலாம்.

இரண்டாம் விதியின் விளைவை நெல்லிலேயே காணலாம். மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜர் ஆற்றுப் பகுதியில் உழவர்கள் தனியாகப் பழக்கி எடுத்த நெல் ஒன்று உண்டு. அதுவும் விதைத்து வளர்ப்பதே. ஆனால் ஒரைசா பேரினத்தில் ‘சதீவா’ ஏற்கெனவே ஆசிய நெல்லுக்குப் போய்விட்டது. எனவே அதற்கு ‘ஒரைசா கிளபெர்ரிமா’, மிகவும் வழுவழுப்பானது, என்று பெயர் அமைந்தது.

ஒரைசா என்பது கிரேக்கம் வழி வந்த பெயர். அதன் மூலம் தமிழின் ‘அரிசி’யே என்று கால்டுவெல் தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கருதினார். பழைய ஈரானிய மொழி வழியாக, வடமொழியின் ‘வ்ரீஹி’யோடு உறவுடைய சொல்லாகச் சென்றிருக்க வேண்டும் என்பது இன்று மொழியியலாளர் பலரின் கருத்து. வழக்கு இன்னும் முடியவில்லை.

பேரினம் மாறினால் ஈறும் மாறும்

பால் ஒத்துப்போகும் விதி, பேரினம் மாறும்போதுதான் கண்கூடாகத் தெரியும். ஐரோப்பாவில் காமெலினா என்ற எண்ணெய்வித்துச் செடி உண்டு; விமான எரிபொருளுக்கு உதவும் என்று இன்று பல நாடுகளில் ஆய்வுக்குள்ளாகி வருவது. லின்னேயஸ் அதை ‘மியாக்ரம்’ என்ற பேரினத்தில் வைத்து ‘மியாக்ரம் சதீவம்’ என்றார். சில ஆண்டுகளில் கிராண்ட்ஸ் என்ற அறிஞர் அதைக் காமெலினா பேரினத்துக்கு மாற்றினார். மியாக்ரம் நடுப்பால், காமெலினா பெண்பால். செடி மாறவில்லை, அடைமொழியும் மாறவில்லை. ஈறு மட்டும் மாறிக் ‘காமெலினா சதீவா’ ஆயிற்று.

அன்னாசியின் கதை இன்னும் சுவையானது. பழைய நூல்களில் அதன் பெயர் ‘அனனாஸ் சதீவஸ்’. இன்று ‘அனனாஸ் கொமோசஸ்’. லின்னேயஸ் அன்னாசிச் செடிக்கு முன்பே ‘புரோமீலியா கொமோசா’ என்று ஒரு பெயர் கொடுத்திருந்தார். கொமோசா என்றால் முடி அடர்ந்த. பழத்தின் தலையில் நிற்கும் இலைக் குடுமியை நினைத்துக்கொள்ளலாம். முந்தி வெளியான அடைமொழிக்கே உரிமை என்பது விதி. ஆகவே ‘விதைத்த’ போய்க் ‘குடுமி வைத்த’ வந்தது. பெண்பாலான புரோமீலியாவை விட்டு ஆண்பாலான அனனாஸுக்கு வந்ததால் கொமோசா கொமோசஸ் ஆயிற்று.

உதிராத மணி

ஒரைசா சதீவா என்ற பெயரில் அடைமொழி எவ்வளவு துல்லியமாகப் பொருந்திவிட்டது என்பது லின்னேயஸுக்கே தெரிந்திருக்க வழியில்லை. ஆசிய நெல்லின் காட்டு மூதாதை ‘ஒரைசா ரூஃபிபோகன்’. செந்நிறத் தாடிக்காரன் என்று பொருள். அதன் மணிகளில் நீளமான செம்மை படர்ந்த முனைமுடிகள் இருக்கும். காட்டு நெல்லின் மணி முற்றியதும் கதிரிலிருந்து தானே உதிர்ந்துவிடும். உதிர்ந்து மண்ணில் விழுந்தால்தான் அடுத்த தலைமுறை முளைக்கும்.

அறுவடை செய்பவருக்கு அது நட்டம். உதிராமல் கதிரிலேயே நின்ற மணிகளே அவர் கைக்கு அதிகம் வந்தன. அவற்றையே அடுத்த பருவத்துக்கு விதையாக எடுத்துவைத்தார். சீனத்தின் யாங்சி ஆற்றுப் படுகையில் பல தலைமுறைகளாக நடந்த இந்தத் தேர்வின் முடிவில் உதிராத நெல் கிடைத்தது. இந்தக் குணத்துக்குக் காரணமான ‘எஸ்எச்4’ என்ற மரபணுவை 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்த மரபணு உருவாக்கும் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதே பெரிய வேறுபாட்டுக்குக் காரணம். உதிராத நெல்லுக்குத் தன்னைத் தானே விதைத்துக்கொள்ளும் ஆற்றல் குறைந்துபோயிற்று. அறுக்கவும் அடிக்கவும் தூற்றவும் மறுபடி தூவவும் அதற்கு மனிதர் வேண்டும். விதைக்கப்பட்டது என்பது நெல்லுக்கு வெறும் பட்டம் அல்ல, அதன் வாழ்நிலையே அதுதான்.

விதையே இல்லாத விதைப்பயிர்

குங்குமப்பூவில் இந்த அடைமொழி நேர் எதிராகத் திரும்பிவிடுகிறது. ‘குரோக்கஸ் சதீவஸ்’ விதை தராத செடி. பெரும்பாலான செடிகளின் உயிரணுவில் நிறப்புரிகள் (குரோமோசோம்கள்) இரட்டைத் தொகுதியாக இருக்கும். குங்குமப்பூவில் மூன்று தொகுதி. இனப்பெருக்க அணுக்கள் உருவாகும்போது மூன்றைச் சமமாகப் பங்கிட முடியாது. அதனால் வளமான விதை உண்டாவதில்லை. காஷ்மீரின் பாம்ப்போர் வயல்களிலும் ஈரானின் குராசானிலும் உழவர்கள் நடுவது கிழங்குகளை. தாய்க் கிழங்கு அழிந்து சேய்க் கிழங்குகள் பிறக்கும். அவற்றைத் தோண்டிப் பிரித்து மீண்டும் நடுவார்கள். கிரேக்க நாட்டில் காட்டுச் செடியாக வளரும் ‘குரோக்கஸ் கார்ட்ரைட்டியானஸ்’ என்பதிலிருந்து இது தோன்றியது என்று 2019இல் வந்த மரபணு ஆய்வுகள் உறுதிசெய்தன. மனிதர் கைவிட்டால் இந்தச் செடி தானாகப் புதிய இடத்துக்குப் பரவ வழியில்லை. பயிரிடப்பட்ட என்ற பொருளில் சதீவஸ் முழுக்கச் சரி. விதைக்கப்பட்ட என்ற பொருளில் ஒரு செடிகூட இல்லை. பூண்டும் ஏறக்குறைய இதே நிலையில்தான் இருக்கிறது. அதைப் பல்லை ஊன்றித்தான் வளர்க்கிறோம்.

வெள்ளரியிலோ மறுபக்கச் சிக்கல். இமயமலை அடிவாரத்தில் கசப்பான காய்களோடு காட்டில் படரும் வெள்ளரியும் தோட்டத்து வெள்ளரியும் தடையின்றிக் கலந்து விதை தரும். இரண்டும் ஒரே சிற்றினம். எனவே காட்டில் யாரும் விதைக்காமல் முளைக்கும் அந்தக் கொடியும் ‘குக்குமிஸ் சதீவஸ்’ என்றே பெயர் சுமக்கிறது, ‘ஹார்ட்விக்கியை’ என்ற வகைப்பெயரோடு. அடைமொழி பொருந்தவில்லை என்பதற்காகப் பெயரை மாற்ற விதிகள் இடம் தருவதில்லை. ஒரு செடிக்கு உலகெங்கும் ஒரே பெயர் நிலைக்க வேண்டும் என்பதே அவற்றின் முதல் நோக்கம்.

பயிரிடப்பட்டது என்றால் உண்பதற்கு ஏற்றது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கேசரிப் பருப்பு தரும் ‘லாத்திரஸ் சதீவஸ்’ மழை பொய்த்தாலும் விளையும் பயிர். பஞ்ச காலத்தில் ஏழைகளின் உணவு. அதிலுள்ள ஒரு நச்சு அமினோ அமிலம், மாதக்கணக்கில் அதையே முதன்மை உணவாக உண்பவர்களின் கால்களை முடக்கிவிடும். லாத்திரிசம் என்ற அந்த நோய்க்கும் பெயர் இந்தச் செடியிலிருந்தே வந்தது. அதன் காரணமாக இந்தியாவில் 1961இல் இதன் விற்பனைக்குத் தடை வந்தது. உண்ணத்தக்கது என்று சொல்ல இலத்தீனில் வேறு அடைமொழி உண்டு, ‘எஸ்குலெந்தஸ்’. வெண்டைக்காய்க்கும் சேப்பங்கிழங்குக்கும் வாய்த்திருப்பது அதுவே.

கஞ்சாச் செடியான ‘கன்னாபிஸ் சதீவா’வில் இந்தச் சொல் வேறொரு திசையில் வழிதவறிற்று. ஐரோப்பாவில் நாருக்காக விதைத்த செடிக்கு அந்தப் பெயர் வந்தது. 1785இல் பிரெஞ்சு அறிஞர் லமார்க், இந்தியாவிலிருந்து வந்த செடிகளை வேறு சிற்றினமாகக் கருதிக் ‘கன்னாபிஸ் இண்டிகா’ என்றார். கஞ்சா விற்பனை சட்டப்படி நடக்கும் நாடுகளில் இன்று இந்த இரண்டு சொற்களும் இரு வேறு போதை விளைவுகளின் முத்திரைகளாக மாறிவிட்டன. சதீவா என்ற சொல்லில் அப்படி எந்தக் குணமும் பொதிந்திருக்கவில்லை.

பட்டாணியின் புதுப்பெயர்

உழவரும் பயிர்ப்பெருக்க அறிஞரும் உருவாக்கும் ரகங்களுக்கு இலத்தீன் போதாது என்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. பயிர் ரகங்களுக்கெனத் தனிப் பெயரீட்டு விதிநூல் 1953இல் வந்தது. 1959 முதல் புதிய ரகங்களுக்கு இலத்தீன் பெயர் வைப்பது நின்றது. ரகத்தின் பெயர் ஒற்றை மேற்கோள் குறிக்குள் வரும். பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்ட நெல்லை ஒரைசா சதீவா ‘ஐஆர்8’ என்று எழுதுவார்கள். விதைக்கப்பட்டது என்று சொல்ல இலத்தீன். விதைத்ததில் எது என்று சொல்ல உழவர் வழக்கு.

இந்த அடைமொழி இப்போது ஒரு செடியை இழந்துகொண்டிருக்கிறது. பட்டாணியின் ‘பீசம் சதீவம்’ என்ற பெயர் அறிவியல் வரலாற்றில் ஆழப் பதிந்த ஒன்று. பிர்னோ மடத்துத் தோட்டத்தில் கிரெகோர் மெண்டல் 1856 முதல் 1863 வரை கலந்து பார்த்த பட்டாணிச் செடிகளில் பெரும்பாலானவை இந்தச் சிற்றினமே. 1866இல் அச்சான அவருடைய கட்டுரையில்தான் மரபியல் பிறந்தது. ஆனால் அண்மைக்கால டி.என்.ஏ. ஒப்பீடுகள், பட்டாணி தனிப் பேரினமாக நிற்க முடியாது, லாத்திரஸ் பேரினத்துக்குள்ளேயே அடங்கும் என்று காட்டுகின்றன. லண்டனின் கியூ தாவரத் தோட்டம் பராமரிக்கும் பெயர்ப்பட்டியல் இந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

லாத்திரஸ் ஆண்பால், ஈற்றை மாற்றி ‘லாத்திரஸ் சதீவஸ்’ என்று எழுதினால் போதாதா? போதாது. அந்தப் பெயர் 1753 முதல் கேசரிப் பருப்பின் சொத்து. ஒரு பேரினத்தில் இரண்டு சதீவஸ் இருக்க முடியாது. இதே லமார்க் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பட்டாணியை லாத்திரஸில் சேர்த்து ‘லாத்திரஸ் ஒலெராசியஸ்’, கறிக்கு உதவுவது, என்று எழுதி வைத்திருந்தார். இருநூறு ஆண்டுக்கு மேல் யாரும் அதிகம் எடுத்தாளாத அந்தப் பெயர் இப்போது உயிர்பெற்றிருக்கிறது. பயிர்ப்பெருக்க ஆய்வாளர்களும் விதை வணிகர்களும் பழைய பெயரை இன்னும் விடவில்லை. அதனால் பட்டாணியைப் பற்றித் தேடிப் படிப்பவர்கள், இன்னும் சில காலத்துக்கு இரண்டு பெயர்களிலும் தேட வேண்டியிருக்கும்.